வாசகர் கேள்வி – பதில்: சினிமாவைச் சான்று காட்டுவது எப்படி?

ஆய்வேடு, கட்டுரை, நூல் எழுதுகிறவர்கள் திரைப்படங்களை மேற்கோள் காட்டும்போது எழும் சந்தேகங்களை அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்த கடிதங்களில் பலருக்கும் பயன்படக்கூடியவற்றை எடுத்துக்கொண்டிருக்கிறோம். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து ஒரே பதிலாகத் தந்திருக்கிறோம்.

‘பராசக்தி’ படத்தின் வசனங்களைப் பற்றி எம்.ஏ. ஆய்வேடு எழுதுகிறேன். துணைநூற்பட்டியலில் யார் பெயரை முதலில் போடுவது? வசனம் எழுதிய மு. கருணாநிதி பெயரையா, இயக்குநர் பெயரையா? நெறியாளர் ஒன்று சொல்கிறார், நூலகர் வேறு சொல்கிறார்.
– மாணவி, மதுரை

இருவர் சொல்வதும் சரியாக இருக்கலாம். உங்கள் பல்கலைக்கழகம் எந்த முறையைக் கேட்கிறது என்பதை முதலில் பாருங்கள். பெரும்பாலும் எம்.எல்.ஏ. (MLA) அல்லது ஏ.பி.ஏ. (APA) முறையாக இருக்கும். இரண்டும் மேற்கோளும் துணைநூற்பட்டியலும் எழுதுவதற்கான ஆங்கிலக் கையேடுகளின் முறைகள்.

ஏ.பி.ஏ. 7ஆம் பதிப்பில் நூலாசிரியர் பெயர் வரவேண்டிய இடத்தில் இயக்குநர் பெயர்தான் வரும். உங்கள் படத்துக்கு இப்படி:

கிருஷ்ணன், ஆர்., & பஞ்சு, எஸ். (இயக்குநர்கள்). (1952). பராசக்தி [திரைப்படம்]. நேஷனல் பிக்சர்ஸ்.

‘கிருஷ்ணன்–பஞ்சு’ என்று இணைத்தே சொல்லிப் பழகிவிட்டதால் அதை ஒரே ஆளின் பெயர்போல எழுதிவிடுகிறார்கள். அவர்கள் இருவர். ஏ.பி.ஏ. பட்டியலில் தனித்தனியாகத்தான் எழுதவேண்டும். வசனகர்த்தாவின் பெயருக்கு இந்த முறைப் பட்டியலில் இடமில்லை. ‘மு. கருணாநிதி வசனம் எழுதிய பராசக்தியில்…’ என்று உங்கள் வாக்கியத்துக்குள் சொல்லிவிடுங்கள்.

எம்.எல்.ஏ. 9ஆம் பதிப்பு இதைவிட இளகியது. வழக்கமாகப் படத்தின் பெயர் முதலில் வரும்:

பராசக்தி. இயக்கம் ஆர். கிருஷ்ணன், எஸ். பஞ்சு, நேஷனல் பிக்சர்ஸ், 1952.

ஆய்வு முழுவதும் ஒரு கலைஞரின் பங்களிப்பைப் பற்றியதென்றால் அவர் பெயரை முன்னால் கொண்டுவரவும் இந்த முறை இடம் தருகிறது:

கருணாநிதி, மு., வசனம். பராசக்தி. இயக்கம் ஆர். கிருஷ்ணன், எஸ். பஞ்சு, நேஷனல் பிக்சர்ஸ், 1952.

உங்கள் ஆய்வு வசனத்தைப் பற்றியது என்பதால் எம்.எல்.ஏ. என்றால் இந்த மூன்றாவது வடிவமே பொருத்தம். ஒளிப்பதிவைப் பற்றி எழுதுகிறவர் ஒளிப்பதிவாளர் பெயரை இதேபோல் முன்னால் வைக்கலாம்.

தயாரிப்பு நிறுவனத்தின் இடத்தில் டிவிடி வெளியிட்ட கம்பெனியின் பெயரையோ யூடியூப் சேனலின் பெயரையோ போட்டுவிடுவது மிகப் பரவலாக நடக்கிறது. டிவிடி கம்பெனி படத்தை விற்றது, எடுக்கவில்லை. படத்தின் டைட்டில் கார்டைப் பார்த்து, அதில் உள்ளபடியே எழுதுங்கள். உறையின் பின்பக்கத்தையோ இணையதளத்தையோ நம்பவேண்டாம். உங்களிடம் இருப்பது ஏ.பி.ஏ. 6ஆம் பதிப்பின் பழைய கையேடு என்றால், அதில் தயாரித்த நாட்டின் பெயரையும் எழுதச் சொல்லியிருக்கும். 7ஆம் பதிப்பில் அது தேவையில்லை.

இனிஷியல் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். தமிழ்ப் பெயரில் இனிஷியல் பெரும்பாலும் தந்தையின் பெயர் அல்லது ஊர்ப் பெயர். ஆங்கிலக் கையேடு ‘குடும்பப் பெயரை முன்னால் எழுது’ என்று சொல்வதைப் பார்த்து இனிஷியலை விரித்து முன்னால் வைத்தால், தந்தையின் பெயரில் பட்டியல் அமைந்துவிடும். ‘பந்துலு, பி. ஆர்.’, ‘கருணாநிதி, மு.’ என்பதே சரி. மணிரத்னம், மகேந்திரன் போன்ற ஒற்றைப் பெயர்களை உடைக்கவே வேண்டாம்.

நான் ஆய்வேட்டில் ஒவ்வொரு காட்சிக்கும் மணி, நிமிடம், நொடி எழுதியிருந்தேன். புறத்தேர்வாளர் தம்மிடம் இருந்த பிரதியில் தேடி, ‘எந்தக் காட்சியும் அந்த இடத்தில் இல்லை’ என்று குறிப்பு எழுதிவிட்டார். நான் எழுதியது சரி என்பதை எப்படி நிரூபிப்பது?
– ஆய்வாளர், கோயம்புத்தூர்

நீங்களும் அவரும் இருவேறு பிரதிகளைப் பார்த்திருக்கிறீர்கள். ஒரு நூலின் இரு பதிப்புகளில் பக்க எண் மாறுவதுபோல், படத்தின் இரு பிரதிகளில் நேரம் மாறும். பதிப்பைச் சொல்லாமல் பக்க எண் மட்டும் கொடுத்தால் எவராலும் சரிபார்க்க முடியாது. படத்துக்கும் அதே நியாயம்தான். இந்த இதழின் எல்லாக் கேள்விகளுக்கும் அடிப்படை இதுதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறோம்.

நேரம் மாறுவதற்கு மூன்று காரணங்கள் உண்டு. மூன்றும் மூன்று விதமான தடயங்களை விட்டுச்செல்லும்.

முதலாவது, முன்னால் ஒட்டப்பட்டவை. சேனலின் லோகோ, டிவிடி கம்பெனியின் அறிவிப்பு, சென்சார் சான்றிதழ், புகையிலை எச்சரிக்கைப் படம் ஆகியவை ஒரு பிரதியில் இருக்கும், இன்னொன்றில் இருக்காது. புகையிலை எச்சரிக்கை படத்தின் நடுவிலும் வரும். ஒவ்வொன்றும் குறைந்தது 30 நொடி.

இரண்டாவது, வேகம். திரைப்படம் நொடிக்கு 24 ஃபிரேம் ஓடும்படி எடுக்கப்படுகிறது. பால் (PAL) என்னும் தொலைக்காட்சி முறையில் அமைந்த டிவிடி நொடிக்கு 25 ஃபிரேம் ஓடும். அதே ஃபிரேம்கள் விரைவாக ஓடுவதால் படம் சுமார் 4 சதவீதம் சுருங்கும். தியேட்டரில் 150 நிமிடம் ஓடிய படம் பால் டிவிடியில் 144 நிமிடத்தில் முடிந்துவிடும். ஒரு காட்சியும் வெட்டப்பட்டிருக்காது. தியேட்டர் பிரதியில் சரியாக 1 மணி நேரத்தில் வரும் காட்சி, இதில் 57 நிமிடம் 36 நொடியில் வரும். பாட்டின் சுருதியும் சற்றே ஏறிக் கேட்கும். என்.டி.எஸ்.சி. (NTSC) என்னும் மற்றொரு முறையில் அமைந்த டிவிடியில் இந்தச் சுருக்கம் இல்லை. எந்த முறை என்பது டிவிடி உறையின் பின்னட்டையில் அச்சாகியிருக்கும்.

மூன்றாவது, வெட்டு. தொலைக்காட்சிக்காகவும், பழைய விசிடிகளில் இடம் போதாமலும் பாடல்கள், நகைச்சுவைக் காட்சிகள் நீக்கப்பட்டன. விசிடியில் இன்னொரு சிக்கலும் உண்டு. படம் 2 அல்லது 3 தட்டுகளில் இருக்கும். ஒவ்வொரு தட்டிலும் நேரம் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கும். அதை மேற்கோள் காட்டும்போது ‘தட்டு 2, 00:14:20’ என்று தட்டு எண்ணையும் எழுதவேண்டும்.

இப்போது உங்கள் பிரச்சினைக்கு வருவோம். இரு பிரதிகளிலும் தவறாமல் இருக்கக்கூடிய நான்கு இடங்களைத் தேர்ந்தெடுங்கள்: படத்தின் பெயர் திரையில் வரும் கணம், முதல் பாடலின் முதல் சொல், இடைவேளை அட்டை, கடைசிக் காட்சியின் கடைசி ஷாட். இரு பிரதிகளிலும் அந்த நேரங்களைக் குறித்துக் கழித்துப் பாருங்கள். நான்கு இடத்திலும் ஒரே 45 நொடி வித்தியாசம் என்றால், முன்னால் ஒட்டிய சங்கதிதான் காரணம். வித்தியாசம் சீராக வளர்ந்துகொண்டே போய், 1 மணி நேரத்தில் 2 நிமிடம் 24 நொடி, 2 மணி நேரத்தில் 4 நிமிடம் 48 நொடி என்று இருந்தால், அது பால் டிவிடியின் வேகம். ஓரிடம் வரை சரியாக இருந்து திடீரென்று நான்கு நிமிடம் தாவினால், அந்த இடத்தில் ஒரு பாடல் வெட்டப்பட்டிருக்கிறது. இந்தக் கணக்கை அரைப்பக்க அட்டவணையாக ஆய்வேட்டின் பின்னிணைப்பில் சேர்த்துத் தேர்வாளரிடம் கொடுங்கள். வாதிட வேண்டியிருக்காது.

உங்கள் பிரதி முழுமையானதா என்பதையும் பார்த்துவிடுங்கள். ஃபிலிம் காலத்துப் படங்களின் சென்சார் சான்றிதழில் படத்தின் நீளம் மீட்டரில் இருக்கும், மிகப் பழைய படங்களுக்கு அடியில் இருக்கும். 35 மி.மீ. ஃபிலிம் நிமிடத்துக்கு 90 அடி, அதாவது சுமார் 27.4 மீட்டர் ஓடும். சான்றிதழில் உள்ள மீட்டரை 27.4ஆல் வகுத்தால் நிமிடம் கிடைக்கும். 4,115 மீட்டர் என்றால் 150 நிமிடம். உங்கள் டிவிடி 131 நிமிடம்தான் ஓடுகிறதென்றால், பால் சுருக்கத்துக்கு 6 நிமிடம் போக மீதி 13 நிமிடம் எங்கே போயிற்று என்று தேடவேண்டும். வெட்டுப்பட்ட பிரதியை வைத்துக்கொண்டு ‘இந்தப் படத்தில் இன்ன காட்சியே இல்லை’ என்று எழுதுவது எவ்வளவு ஆபத்து என்பது சொல்லாமலே விளங்கும்.

அடுத்தமுறை பட்டியலிலேயே பிரதியைச் சொல்லிவிடுங்கள்: டிவிடி என்றால் வெளியிட்ட நிறுவனமும் டிவிடியின் ஆண்டும், ஓ.டி.டி. என்றால் தளத்தின் பெயர், யூடியூப் என்றால் சேனலின் பெயரும் இணைப்பும். பிரதியின் மொத்த நேரத்தையும் அடிக்குறிப்பில் ஒருமுறை எழுதிவைத்தால் தேர்வாளர் இரண்டு நொடியில் ஒப்பிட்டுக்கொள்வார். ஒவ்வொரு நேரக் குறிப்போடும் காட்சியை அடையாளம் காட்டும் நான்கைந்து சொற்களைச் சேருங்கள்: ‘நீதிமன்றக் காட்சி, 01:52:10–01:54:35’ என்பதுபோல. எண் பிசகினாலும் சொல் கைகொடுக்கும்.

கணினியில் நேரம் குறிக்க வி.எல்.சி. பிளேயர் போதும். கண்ட்ரோலும் டியும் சேர்த்து அழுத்தினால் வேண்டிய நேரத்துக்குத் தாவலாம். இ (E) விசையைத் தட்டத்தட்டப் படம் ஒவ்வொரு ஃபிரேமாக நகரும்.

முழுப் படமும் யூடியூபில் இருக்கிறது. அதை மேற்கோள் காட்டலாமா? காட்டிய பிறகு அந்த வீடியோவை நீக்கிவிட்டால்?
– பத்திரிகையாளர், சென்னை

உரிமை பெற்ற நிறுவனத்தின் சேனலில் இருந்தால் தாராளமாகக் காட்டலாம். யாரோ தனியாள் ஏற்றிய பிரதியைத் தவிர்ப்பது நல்லது. காரணம் சட்டம் மட்டுமல்ல. அப்படி ஏற்றுகிறவர்கள் உரிமைச் சோதனையில் சிக்காமல் இருக்கப் படத்தை வேகமாக்குவார்கள், ஓரங்களை வெட்டுவார்கள், இடவலமாகத் திருப்புவார்கள். திருப்பிய பிரதியைப் பார்த்து ‘நாயகன் இடதுகையால் ஆசி வாங்குகிறான்’ என்று எழுதினால் என்ன ஆகும்! திரையில் தெரியும் கடைப் பலகையின் எழுத்துகள் இடவலம் மாறித் தெரிகின்றனவா என்று பார்த்தால் இது பிடிபடும்.

வீடியோ நீங்கிப்போவதற்கு முன்னேற்பாடு எளிது. பட்டியலில் சேனல் பெயர், ஏற்றிய தேதி, நீங்கள் பார்த்த தேதி மூன்றையும் எழுதுங்கள். பகிர்வுப் பொத்தானை அழுத்தி, தொடக்க நேரத்தைத் தேர்ந்தெடுத்து எடுக்கும் இணைப்பு நேரே அந்தக் காட்சிக்கே போகும். அதில் நேரம் நொடிக் கணக்கில் இருக்கும். 3725 என்றால் 1 மணி 2 நிமிடம் 5 நொடி. வேபேக் மெஷின் என்னும் இணையக் காப்பகத்தில் அந்தப் பக்கத்தைச் சேமித்து வைக்கலாம். ஆனால் பெரும்பாலும் பக்கத்தின் தலைப்பும் விவரங்களும்தான் அதில் தங்கும், படம் தங்காது. நடுவில் வரும் விளம்பரங்கள் நேரக் கணக்கில் சேர்வதில்லை. அதுபற்றிக் கவலை வேண்டாம்.

நடிகர்கள் பேசியதை எழுத்துத் தமிழுக்கு மாற்றி எழுதலாமா? ஆங்கிலக் கட்டுரை என்றால் படத்தின் சப்டைட்டிலை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா?
– உதவிப் பேராசிரியர், திருநெல்வேலி. இதே கேள்வியைப் புதுச்சேரி வாசகரும் கேட்டிருக்கிறார்

மாற்றக் கூடாது. பாத்திரம் ‘வந்துட்டாக’ என்று பேசினால் ‘வந்துவிட்டார்கள்’ என்று எழுதுவது மேற்கோள் ஆகாது, உரைநடையாக்கம் ஆகிவிடும். வட்டார வழக்கு ஒரு படத்தின் களத்தையும் சாதியையும் வர்க்கத்தையும் சொல்லும் சான்று. அதைத் திருத்தினால் சான்றே அழிந்துபோகும். வெளியூர் வாசகருக்கு விளங்காது என்று தோன்றினால் சதுர அடைப்புக்குள் பொருள் கொடுங்கள். விட்ட இடத்தில் மூன்று புள்ளி. சைகை, பின்னணி ஓசை முதலியவையும் சதுர அடைப்புக்குள்.

எழுதும் முறை: முதல்தடவை நிறுத்தாமல் கேளுங்கள். இரண்டாம் தடவை நிறுத்தி நிறுத்தி எழுதுங்கள். மூன்றாம் தடவை எழுதியதைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக் கேளுங்கள். உதட்டசைவைப் பார்த்தால் காது ஏமாறும், ஏனென்றால் டப்பிங்கில் வசனம் மாறியிருக்கலாம். தானியங்கி வசன எழுத்தை அப்படியே ஒட்டாதீர்கள். ல, ள, ழ மூன்றையும் அது போட்டுக் குழப்பும்.

அச்சான கதை-வசனப் புத்தகம் கிடைத்தால் உதவும். ஆனால் அது தனிச் சான்று. சென்சாரில் போனது புத்தகத்தில் இருக்கலாம், படப்பிடிப்பில் சேர்ந்தது புத்தகத்தில் இல்லாமல் போகலாம். திரையில் கேட்டதை எழுதுகிறீர்களா, புத்தகத்தில் படித்ததை எழுதுகிறீர்களா என்று சொல்லிவிடவேண்டும். இரண்டும் வேறுபடும் இடம் கிடைத்தால், அது ஒரு நல்ல கட்டுரைக்கே பொருள்.

சப்டைட்டில் மொழிபெயர்ப்பு அன்று, சுருக்கம். திரையில் இரண்டு வரிக்குமேல் போகக் கூடாது, வரிக்கு ஏறக்குறைய 40 எழுத்து, அதுவும் படிக்க அவகாசம் இருக்கவேண்டும். அடுக்குமொழி வசனத்தில் பாதிக்குமேல் உதிர்ந்துவிடும். தமிழ் தெரிந்த நீங்கள் சொந்தமாக மொழிபெயர்த்து, ‘மொழிபெயர்ப்பு கட்டுரையாளருடையது’ என்று அடிக்குறிப்பில் ஒருமுறை சொல்லுங்கள். தமிழ் தெரியாமல் சப்டைட்டிலை நம்பி எழுதுகிறவர், எந்தத் தளத்தின், எந்த டிவிடியின் சப்டைட்டில் என்று சொல்லவேண்டும். தளத்துக்குத் தளம் அது வேறு.

பாடல் வரிகளை மேற்கோள் காட்டினால் படத்தின் பெயர் போதுமா?
– வாசகர், யாழ்ப்பாணம்

போதாது. பாடலாசிரியர் பெயர் கட்டாயம். பாடியவர் பெயரை மட்டும் போட்டு எழுதியவரை விட்டுவிடும் வழக்கம் இணையத்திலிருந்து ஆய்வேடுகளுக்குள்ளும் வந்துவிட்டது. வருத்தமான விஷயம் இது.

‘பராசக்தி’யையே மீண்டும் எடுத்துக்கொள்வோம். அதில் சி. எஸ். ஜெயராமன் பாடும் ‘நெஞ்சு பொறுக்குதிலையே’ பாரதியாரின் அடி. பாரதி இறந்தது 1921இல், படம் 1952இல். பாட்டின் பொருளைப் பற்றிப் பேசினால் பாரதியார் கவிதைகளின் நல்ல பதிப்பொன்றை மேற்கோள் காட்டவேண்டும். அந்தப் பாட்டைப் படம் எந்தச் சூழலில் வைத்தது, அடிகளில் எதை விட்டது, எதைச் சேர்த்தது என்று பேசினால் படத்தையும் நேரத்தையும் காட்டவேண்டும். அதே படத்தில் பாரதிதாசன் பாட்டும் உண்டு. ‘பராசக்தி பாடல்கள்’ என்று ஒரே பெயரில் அடைத்தால் இத்தனையும் காணாமல் போகும்.

பழைய பாடல்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. 78 சுழற்சி இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் சுமார் 3 நிமிடம்தான் பிடிக்கும். அதனால் தட்டில் சரணம் குறைந்திருக்கும், படத்தில் முழுதாக இருக்கும். சிலவற்றில் நிலைமை தலைகீழ். இன்று இணையத்தில் கேட்பது பெரும்பாலும் தட்டிலிருந்து எடுத்தது. படத்தைப் பற்றிப் பேசும்போது படத்திலிருந்தே கேட்டு எழுதுங்கள்.

ஒரே படத்துக்கு ஆளுக்கொரு ஆண்டு சொல்கிறார்கள். எதை எடுத்துக்கொள்வது?
– கல்லூரி நூலகர், தஞ்சாவூர்

முதலில் திரையரங்கில் வெளியான ஆண்டு. சென்சார் சான்றிதழ் டிசம்பரில் வாங்கிப் பொங்கலுக்கு வெளியான படத்துக்குச் சான்றிதழின் ஆண்டு வேறாகத்தான் இருக்கும். டிவிடியின் ஆண்டு, யூடியூபில் ஏற்றிய ஆண்டு ஆகியவை பிரதியைப் பற்றிய தகவல்கள். படத்தின் ஆண்டுக்குப் பதிலாக வரக்கூடாது, அதோடு கூட வரவேண்டும்.

பி. ஆர். பந்துலு இயக்கிய ‘கர்ணன்’ 1964இல் வந்தது. அது டிஜிட்டல் முறையில் புதுப்பிக்கப்பட்டு 2012இல் மீண்டும் திரைக்கு வந்தது. மாரி செல்வராஜ் இயக்கிய ‘கர்ணன்’ 2021இல் வந்தது. ‘கர்ணன்’ என்று மட்டும் எழுதினால் மூன்றில் எது? 2012 பிரதியைப் பார்த்தவர் ஏ.பி.ஏ. முறையில் 1964 என்றே ஆண்டு கொடுத்து, சதுர அடைப்புக்குள் ‘திரைப்படம், டிஜிட்டல் மறுவெளியீடு, 2012’ என்று சேர்க்கலாம். நிறத்தையும் ஒலியையும் பற்றிப் பேசுகிறவர்களுக்கு இது மிக அவசியம், புதுப்பிக்கும்போது இரண்டுமே மாறும். ‘விக்ரம்’ இன்னும் கண்ணைக் கட்டும்: 1986, 2022 இரண்டிலும் நாயகன் கமல்ஹாசன், தயாரிப்பு நிறுவனமும் அதே ராஜ்கமல். இயக்குநர் பெயரும் ஆண்டும் இல்லாமல் பிரித்தறிய முடியாது.

இருமொழிப் படங்களில் மொழிக்கு மொழி தேதி மாறும். எஸ். எஸ். வாசனின் ‘சந்திரலேகா’ தமிழில் 1948 ஏப்ரலிலும் இந்தியில் அதே ஆண்டு டிசம்பரிலும் வெளியானது. மணிரத்னத்தின் ‘ராவணன்’ (2010) தமிழில் ஒன்று, இந்தியில் ஒன்று. தமிழில் வீரையாவாக நடித்த விக்ரம் இந்தியில் காவல் அதிகாரியாக வருகிறார். இவை டப்பிங் அல்ல, இரண்டு படங்கள். பட்டியலிலும் இரண்டு பதிவுகள் வேண்டும்.

மௌனப் படக் காலத்தில் தகராறு தீராது. ஆர். நடராஜ முதலியார் எடுத்த ‘கீசக வத’த்துக்கு 1917 என்று எழுதுகிறவர்களும் உண்டு, 1918 என்று எழுதுகிறவர்களும் உண்டு. இப்படிப்பட்ட இடத்தில் ஓர் ஆண்டைத் தேர்ந்து, எந்த நூலை ஒட்டித் தேர்ந்தீர்கள் என்றும் மற்ற ஆண்டு எங்கே காணப்படுகிறது என்றும் அடிக்குறிப்பு எழுதுவதே நேர்மை. தமிழ்ப் படங்களுக்குத் தொடங்குமிடம் ஃபிலிம் நியூஸ் ஆனந்தனின் ‘சாதனைகள் படைத்த தமிழ்த் திரைப்பட வரலாறு’. இந்தியப் படங்கள் அனைத்துக்கும் ஆசிஷ் ராஜாத்யக்ஷாவும் பால் வில்லெமனும் தொகுத்த இந்திய சினிமா கலைக்களஞ்சியம். முடிவான சான்று வேண்டுமானால் அந்நாளைய நாளிதழ்களில் வந்த விளம்பரம். அதில் தேதியும் திரையரங்குப் பட்டியலும் இருக்கும்.

பிரதியே இல்லாத படத்தை எப்படி மேற்கோள் காட்டுவது?
– ஆய்வாளர், திருச்சி

படத்தை மேற்கோள் காட்ட முடியாது, படத்தைப் பற்றிய ஆவணத்தைத்தான் காட்ட முடியும். எச். எம். ரெட்டி இயக்கி 1931 அக்டோபர் 31இல் வெளியான ‘காளிதாஸ்’ முதல் தமிழ்ப் பேசும்படம். பிரதி எதுவும் மிஞ்சியதாகத் தெரியவில்லை. அதைப் பற்றி எழுதும் எவரும் விளம்பரம், விமர்சனம், பாட்டுப் புத்தகம் வழியாகத்தான் எழுதுகிறார்கள். பட்டியலில் வரவேண்டியது அந்த விமர்சனம் அச்சான இதழ், தேதி, பக்கம். ‘காளிதாஸ்’ என்று படத்தையே பட்டியலில் போட்டால் நீங்கள் பார்த்ததாக அர்த்தமாகிவிடும்.

அக்காலத்தில் திரையரங்கில் விற்ற பாட்டுப் புத்தகங்கள் இந்த வேலைக்குப் பொன். கதைச் சுருக்கம், நடிகர் பட்டியல், எல்லாப் பாடல்களும் அவற்றில் இருக்கும். சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் தேடுங்கள். பிரதி மிஞ்சியிருக்கிறதா என்பதை உறுதிசெய்ய, 1964இல் புணேயில் தொடங்கிய தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்கு எழுதிக் கேட்கலாம். 2022 முதல் அது தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைந்திருக்கிறது. ஆனால் பாட்டுப் புத்தகத்தின் கதைச் சுருக்கம் விற்பனைக்காக எழுதியது. முடிவைச் சொல்லாமல் ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று நிறுத்திவிடும். அதை வைத்துப் படத்தின் முடிவைப் பற்றி வாதம் கட்டாதீர்கள்.

வீரபாண்டிய கட்டபொம்மன் பற்றிக் கட்டுரை எழுதும் மாணவர்கள், அவர் ஜாக்சன் துரையிடம் பேசியதாகப் படத்தின் வசனத்தை மேற்கோள் காட்டுகிறார்கள். மதிப்பெண் கொடுப்பதா, வேண்டாமா?
– வரலாற்று ஆசிரியர், தூத்துக்குடி

எதற்குச் சான்றாகக் காட்டினார்கள் என்று பார்த்து முடிவுசெய்யுங்கள்.

பி. ஆர். பந்துலுவின் ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ 1959இல் வந்தது. சிவாஜி கணேசன் பேசிய வசனங்கள் சக்தி டி. கே. கிருஷ்ணசாமி எழுதியவை, முன்பே மேடை நாடகமாக நடிக்கப்பட்ட கதை அது. கட்டபொம்மன் கலெக்டர் ஜாக்சனை இராமநாதபுரத்தில் சந்தித்தது 1798 செப்டம்பரில். கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டது 1799 அக்டோபர் 16இல். அந்த நிகழ்ச்சிகளுக்கும் படத்துக்கும் நடுவே சுமார் 160 ஆண்டு இருக்கிறது. அந்த வசனத்தை ‘கட்டபொம்மன் கூறினார்’ என்று எழுதிய மாணவர், கிருஷ்ணசாமியின் எழுத்தைக் கட்டபொம்மன் வாயில் வைத்துவிட்டார். அது தவறு, படத்தை எவ்வளவு ஒழுங்காகப் பட்டியலிட்டிருந்தாலும் தவறுதான்.

அதே மாணவர், ‘விடுதலைக்குப் பின் பன்னிரண்டு ஆண்டில் தமிழ் மக்கள் கட்டபொம்மனை எப்படிப் பார்க்க விரும்பினார்கள்’ என்று எழுதி அதே வசனத்தைக் காட்டினால், அதைவிடச் சிறந்த முதன்மைச் சான்று கிடையாது. ஒரு படம் தன் கதை நடக்கும் காலத்தைவிட, தான் எடுக்கப்பட்ட காலத்துக்கே சாட்சி. 1959ஆம் ஆண்டின் மொழி, அரசியல், நாட்டுப்பற்று, நடிப்புப் பாணி எல்லாவற்றுக்கும் அந்தப் படம் நேரடி ஆவணம். 1798ஆம் ஆண்டுக்கு அது ஒரு விளக்கம் மட்டும்.

நிகழ்ச்சிகளுக்கு மாணவர்கள் போகவேண்டிய இடம் வேறு. கால்டுவெல் 1881இல் வெளியிட்ட திருநெல்வேலி வரலாறும், பாளையக்காரர் கிளர்ச்சி பற்றி கே. ராஜய்யன் 1971இல் எழுதிய ஆய்வு நூலும் எளிதில் கிடைக்கும். கம்பெனிக் காலத்துக் கடிதப் போக்குவரத்து எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. வகுப்பில் ஒரு நல்ல பயிற்சி தரலாம்: படத்தின் அந்தச் சந்திப்புக் காட்சியை ஒரு பத்தியிலும், கால்டுவெல் அதே சந்திப்பை எழுதியதை அடுத்த பத்தியிலும் வைத்து, எது கூடியிருக்கிறது, எது குறைந்திருக்கிறது என்று எழுதச் சொல்லுங்கள். மாணவர்கள் படத்தை வெறுக்கமாட்டார்கள், இன்னும் உன்னிப்பாகப் பார்ப்பார்கள். கால்டுவெல்லும் ஒரு பக்கம் நின்றே எழுதினார் என்பதும் அப்போது தெரியவரும்.

இலக்கிய மாணவர்களும் இதே குழியில் விழுகிறார்கள். உமாசந்திரனின் ‘முள்ளும் மலரும்’ நாவல் ஒன்று, மகேந்திரனின் 1978 படம் வேறொன்று. புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’யிலிருந்து ‘உதிரிப்பூக்கள்’ (1979) வெகுதூரம் நகர்ந்துவிட்ட படம். நாவலைப் பற்றிய கருத்துக்குப் படக் காட்சியைச் சான்றாக்கக் கூடாது. ‘பொன்னியின் செல்வன்’ என்றால் கல்கியின் நாவலுக்கு ஒரு பதிவு, 2022, 2023ஆம் ஆண்டுப் படங்களுக்கு ஆளுக்கொரு பதிவு.

தமிழ் ஆய்வேட்டில் படத்தின் பெயரைச் சாய்வெழுத்தில் அமைக்கவேண்டுமா?
– மாணவர், சேலம்

ஆங்கிலக் கையேடுகள் சாய்வெழுத்து கேட்கின்றன. பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களுக்குச் சாய்வு வடிவம் தனியாக இல்லை. கணினி செங்குத்து எழுத்தைத் தள்ளிச் சாய்க்கிறது, கொம்பும் காலும் மோதிக்கொள்கின்றன. தமிழில் ஒற்றை மேற்கோள் குறியோ தடித்த எழுத்தோ போதும். ஒன்றைத் தேர்ந்து கடைசிவரை அதையே கடைப்பிடியுங்கள்.

சினிமா பற்றி நூல் எழுதுகிறேன். படத்திலிருந்து எடுத்த ஃபிரேம்களை அச்சிடலாமா? வசனங்களை எவ்வளவு எடுத்தாளலாம்?
– எழுத்தாளர், ஈரோடு

1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, ஆராய்ச்சிக்கும் விமர்சனத்துக்கும் நியாயமான அளவில் எடுத்தாள இடம் தருகிறது. ‘இத்தனை சொல், இத்தனை படம்’ என்று சட்டம் எண்ணிக்கை சொல்லவில்லை. நீங்கள் அலசும் இடத்துக்குத் தேவையான அளவு எடுத்து, அதைப் பற்றி உண்மையிலேயே ஏதாவது சொல்லி, மூலத்தைக் குறிப்பிட்டால் அந்தப் பிரிவின் நிழலில் நிற்கிறீர்கள். அலங்காரத்துக்காக அட்டையில் நடிகர் படத்தைப் போடுவது அந்த நிழலுக்குள் வராது; அதற்கு அனுமதி வாங்கவேண்டும்.

திரைப்படத்தின் பதிப்புரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டுத் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டு. 1952இல் வந்த படத்துக்கு அது 2012 இறுதியோடு முடிந்தது. ஆனால் வசனமும் பாடலும் தனி இலக்கியப் படைப்புகள். அவற்றுக்கு எழுதியவர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டுத் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டு. ஆகவே படம் பொதுவுடைமை ஆனபின்னும் பாடல் ஆகாமல் இருக்கலாம். ஒரு பாடலை முழுதாக அச்சிடுவதற்கு முன் பாடலாசிரியரின் வாரிசுகளையோ, உரிமை வாங்கிய இசை நிறுவனத்தையோ கேட்டு எழுத்தில் அனுமதி பெறுங்கள். நூலுக்கு அச்சகத்தில் தேதி குறித்தபிறகு கேட்டால் பதில் வருவதற்குள் நூல் வெளிவந்துவிடும். முதல் படி எழுதும்போதே கேட்டுவிடுங்கள்.

ஃபிரேமின் கீழே படத்தின் பெயர், இயக்குநர், ஆண்டு, நேரக் குறிப்பு நான்கும் வரவேண்டும். போஸ்டரும் விளம்பரப் புகைப்படமும் ஃபிரேம் அல்ல. ஸ்டில் புகைப்படக் கலைஞர் தனியாக, வேறு கோணத்தில் எடுத்தவை அவை. அவற்றை வைத்துக் கேமரா கோணத்தையோ ஒளியமைப்பையோ அலசினால், படத்தில் இல்லாத ஒன்றைப் பற்றி எழுதியதாகிவிடும்.